முழங்கால் மாற்று ஒப்பரேசனுக்குப் பிறகு நீர் கட்டியிருக்கிறது, ஊசி போட்டு எடுக்கலாமா?

கொக்குவில் சுதன் கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு வயது 67. இடது முழங்கால் மாற்று ஒப்பரேசன் முடிந்து ஒன்றரை மாதம் ஆகப்போகிறது. காயம் வடிவாகக் காய்ந்து, கிளிப் எல்லாம் எடுத்தாயிற்று. வோக்கரை விட்டு ஊன்றுகோலுக்கும் வந்துவிட்டார். எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது, மஞ்சத் திருவிழா வரும்வரை.

நல்லூருக்குப் போகவேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? "இந்தக் காலைத் தந்தவனே முருகன்தான், அவனுக்கு நடந்து காட்டவேண்டாமா" என்று ஒரே பிடி. ஓட்டோ வீதித்தடைக்கு அங்கால் போகாது. அங்கிருந்து வெறுங்காலோடு மணலில் நடந்து, சனத்துக்குள் நெடுநேரம் நின்று, திரும்பவும் நடந்தே வந்தார். அன்றிரவே கால் கனக்கிறது என்றார். விடிய எழும்பிப் பார்த்தால் முழங்கால் சில்லு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. சில்லுக்கு மேலே இரண்டு கரையும் பொம்மி நிற்கிறது. ஒரு பக்கம் விரலால் அமத்தினால் மற்றப் பக்கம் தளம்புகிறது. தோல் சூடாக இருக்கிறது, ஆனால் சிவப்பில்லை. காய்ச்சல் இல்லை. மடக்கப் போனால் இறுக்கிப் பிடிக்கிறதாம்.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். பெரியம்மா நொச்சி இலை அவித்து ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார். கால் நீர் வற்றவேண்டும் என்று அம்மாவின் குடிதண்ணீரையும் குறைத்துவிட்டார். பார்மசிக்காரர் ஒரு கிருமிநாசினி (அன்ரிபயோட்டிக்) மாத்திரை ஒரு கிழமைக்குத் தந்திருக்கிறார், அம்மா இன்னும் போடவில்லை. பக்கத்தில் ஒரு தனியார் இடத்தில் காட்டினோம். "ஊசி போட்டு நீரை இழுத்துவிட்டால் இப்பவே சுகம், பத்து நிமிச வேலை" என்றார்கள். ஒப்பரேசன் செய்த டொக்டரின் கிளினிக் அடுத்த கிழமைதான். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. நாளைக்கு அந்த ஊசியைப் போடுவிக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கோ.

சுன்னாகத்தார்:

தம்பி, எனக்கு இரண்டு முழங்காலும் தேய்வு. ஒருமுறை நீர் கட்டி ஊசியால் எடுத்தார்கள். ஒரு பெரிய சிரிஞ்ச் நிறைய, தேங்காயெண்ணெய் நிறத்தில் வந்தது. கட்டிலால் இறங்கும்போதே கால் லேசாகிவிட்டது. திரும்ப நீர் வந்ததுதான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் வந்த அந்தச் சுகத்துக்கு நான் இன்னொருமுறையும் போடுவேன். எனக்கு மூட்டு மாற்றவில்லை, சொந்த மூட்டுத்தான். அம்மாவுக்கும் அதே ஊசிதானே, பயப்பட என்ன இருக்கு?

மிசியக்கா:

தம்பி சுதன், முதலில் அந்த ஊசிக்கதையை நிறுத்துங்கள். பார்மசி மாத்திரையையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். பிறகு மிச்சத்தை வாசியுங்கள். நான் எலும்பு வோட்டில் காலம் தள்ளி இளைப்பாறின மிசி, அதாவது தாதி. டொக்டர் இல்லை. ஆனால் மாற்றின முழங்கால்கள் வீங்கினதையும் வற்றினதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

இதை வாசித்த கையோடு அம்மாவைக் கட்டிலில் நேராகப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் அந்தக் காலை அப்படியே மேலே தூக்கச் சொல்லுங்கள். வலித்தாலும் குதி மெத்தையை விட்டு எழும்பினால் போதும். தூக்கவே முடியாவிட்டால் சில்லுக்கு மேலேயோ கீழேயோ நாண் அறுந்திருக்கலாம், அது அன்றைக்கே காட்டவேண்டிய காரியம். அடுத்ததாகக் கெண்டைக்காலை மெதுவாக அமத்திப் பாருங்கள். அங்கே நோவும் இறுக்கமும் இருந்து, பாதம்வரை மற்றக் காலைவிட வீங்கியிருந்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று ஸ்கான் பண்ணவேண்டும். மூச்சு வாங்குகிறது, நெஞ்சு குத்துகிறது என்றால் ஒருவரிடமும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காயத்தின் கோட்டில் எங்காவது ஈரம் கசிகிறதா, சிவப்புப் படர்கிறதா, நடுக்கத்தோடு காய்ச்சலா, சும்மா படுத்திருக்கும்போதே நோ கூடிக்கொண்டு போகிறதா? இதில் ஏதும் ஒன்றென்றாலும் கிளினிக் திகதியைப் பார்க்கவேண்டாம், அன்றைக்கே ஒப்பரேசன் செய்த இடத்துக்குப் போங்கள்.

ஒன்றும் இல்லையென்றால், நீங்கள் எழுதியதைப் பார்க்க அம்மாவின் கால் நல்லூர் மணலுக்குத்தான் கோபித்திருக்கிறது. மூட்டு மாற்றும்போது எலும்பின் முனைகளைச் சீவி உலோகத் தொப்பி போடுகிறார்கள், இடையில் ஒரு பிளாஸ்ரிக் தட்டு வைக்கிறார்கள். ஆனால் மூட்டைச் சுற்றியிருக்கிற உள்சவ்வு பெரும்பாலும் அம்மாவின் சொந்தச் சவ்வுதான். எண்ணெய் போடுகிற மாதிரி மூட்டுக்கு நீர் சுரக்கிறதே அதன் தொழில். வெட்டுப்பட்டு, இரத்தம் ஊறி, ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிற சவ்வு அது. அளவுக்கு மிஞ்சி நடந்தால் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். முதல் சில கிழமை வீக்கம் கூடுதலாக இருக்கும். பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்துதான் போகும். தோலின் சூடும் அப்படித்தான், மாதக்கணக்கில் நிற்கும். சூடு மட்டும் என்றால் பயம் இல்லை.

இனி ஊசிக்கு வருகிறேன். சுன்னாகத்து அண்ணை, குறை நினைக்கவேண்டாம், உங்களுடைய கால் வேறு, இந்தம்மாவின் கால் வேறு. சொந்த மூட்டுக்குள் ஒரு கிருமி போனாலும் அதைத் துரத்த அங்கே இரத்த ஓட்டம் இருக்கிறது. உலோகத்துக்கும் பிளாஸ்ரிக்குக்கும் இரத்தம் ஓடாது. கிருமி அதில் ஒட்டிக்கொண்டு தனக்கு மேலே ஒரு படலம் கட்டிவிட்டால் மாத்திரையும் ஊசி மருந்தும் உள்ளே போய்ச் சேராது, திரும்ப வெட்டித்தான் ஆகவேண்டும். மாற்றின மூட்டுக்குள் ஊசி போகிற ஒவ்வொரு முறையும் அந்த வாசல் திறக்கிறது. அதனால்தான் மாற்றின மூட்டில் நீர் எடுக்கிறதென்றால் ஒப்பரேசன் செய்த டொக்டரோ அவருடைய ஆட்களோ, தியேட்டர் சுத்தத்தோடு எடுப்பார்கள். அதுவும் பெரும்பாலும் உள்ளே கிருமி இருக்கிறதா என்று அறிய. இரத்தம் கட்டி மூட்டு தாங்கமுடியாமல் இறுகினால் சிலவேளை சுகத்துக்காகவும் எடுப்பார்கள், ஆனால் அதை முடிவெடுக்கிறது அவர்தான். சும்மா சுரந்த நீரை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று அண்ணையே சொல்லிவிட்டார். ஊற்றுக்கண் திறந்திருக்கிற கிணற்றை மாலையில் இறைத்தால் விடியத் திரும்ப ஊறிக்கிடக்கும்.

பார்மசி மாத்திரை ஏன் வேண்டாம் தெரியுமா? உண்மையில் கிருமி இருந்தால், இந்தச் சில்லறை மாத்திரை அதைக் கொல்லாது, ஆனால் ஒளித்துவிடும். பிறகு டொக்டர் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஒன்றும் முளைக்காமல் போகலாம். என்ன கிருமி என்று தெரியாமல் வைத்தியம் செய்கிற நிலைமை வந்துவிடும்.

இப்போது வீட்டில் செய்கிற வேலை. உங்கள் வீட்டில் சாய்மனைக் கதிரை இருக்கும், அம்மா அதில்தான் இருப்பார், காலை ஒரு ஸ்ரூலில் நீட்டி வைத்திருப்பார். "நாள் முழுக்கக் காலைத் தூக்கித்தானே வைச்சிருக்கிறன் மிசி" என்று எனக்குச் சொல்லாத அம்மா யாழ்ப்பாணத்தில் இல்லை. நானும் பக்கத்தில் குந்தியிருந்து காட்டுவேன்: பாருங்கள், உங்கள் பாதம் எங்கே இருக்கிறது, நெஞ்சு எங்கே இருக்கிறது? பாதம் இடுப்பு மட்டத்தில்தான் நிற்கும். அதில் நீர் மேலே ஏறாது. கட்டிலில் மல்லாக்கப் படுத்து, பாதம் நெஞ்சைவிட உயரத்தில் நிற்கவேண்டும். இரண்டு மூன்று தலகணியைக் குதிக்கும் கெண்டைக்காலுக்கும் கீழே அடுக்குங்கள். முழங்காலுக்கு நேர் கீழே ஒன்றும் வேண்டாம், அந்த இடம் தொங்கி நிற்கட்டும்.

முழங்காலுக்குக் கீழே தலகணி வைத்தால் அம்மாவுக்குச் சுகமாக இருக்கும், அதற்காகச் சண்டையும் பிடிப்பார். கொஞ்சம் மடங்கின நிலையில்தான் மூட்டுக்குள் நீருக்குக் கூடுதலாக இடம் இருக்கிறது, அதனால் நோ குறையும். ஆனால் அப்படியே கிடந்தால் பின்பக்கம் சுருங்கி, கால் நேரே நீளாமல் போய்விடும். பிறகு வாழ்நாள் முழுக்க நொண்டல். இதில் மட்டும் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கவேண்டாம்.

அப்படிப் படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள், கெண்டைத்தசை நீரையும் இரத்தத்தையும் மேலே தள்ளும். ஐஸ் கட்டியை உடைத்துப் பொலித்தீன் பையில் போட்டு, துவாயால் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். பிறகு எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துத் திரும்ப. பிரிட்ஜில் காணாது என்றால் மீன் சந்தைப் பக்கம் ஐஸ் வாங்கலாம், ஆனால் அந்தத் தண்ணீர் காயத்தில் படாமல் பையை இறுக்கிக் கட்டுங்கள்.

நொச்சி ஒத்தடத்துக்குப் பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பழைய வாத நோவுக்கு அது இதமாக இருக்கலாம். புதிதாக வீங்கிச் சூடாக இருக்கிற மூட்டுக்குச் சூடு கொடுத்தால் இரத்தம் இன்னும் வந்து சேரும். இன்னொன்று, அம்மாவின் வெட்டுக்கோட்டுக்கு வெளிப்பக்கம் விரலால் தடவிக் கேட்டுப் பாருங்கள், மரத்துப்போயிருக்கிறது என்பார். அங்கே போகிற தோல் நரம்பு வெட்டுப்படுகிறது, அனேகம்பேருக்கு உள்ளதுதான். அதோடு சீனி வருத்தமும். கொதிக்கிற ஒத்தடத்தில் தோல் கொப்பளித்தாலும் அம்மாவுக்குத் தெரியாது. ஐஸும் அப்படித்தான், துவாய் இல்லாமல் வைக்கவே கூடாது. எண்ணெய் போட்டு உருவுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

குடிக்கிற தண்ணீருக்கும் முழங்கால் நீருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வெயிலில், சீனி வருத்தக்காரருக்குத் தண்ணீரைக் குறைத்தால் இரத்தம் தடித்து வேறு வில்லங்கம் வரும். சாப்பாடும் இருக்கிறது. கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்பும் என்று கணவாய், இறால், கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியிருப்பார்கள். திருவிழாவுக்கு வீடு சைவம். விரதம் என்று ஒருநேரச் சாப்பாடு வேறு. அப்ப புண் ஆறுகிறதுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? பருப்பு, கடலை, பயறு, தயிர், பால் ஒவ்வொரு நேரமும் தட்டில் இருக்கவேண்டும். சீனி மாத்திரை போட்டுக்கொண்டு விரதம் பிடிக்கிறதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் கோபம் வரும்.

நோவுக்குப் பனடோல் அளவோடு போடலாம். டைக்குளோபெனாக் மாதிரி மருந்தைக் கடையில் கேட்டு வாங்கவேண்டாம், சீனி வருத்தக்காரரின் சிறுநீரகத்துக்குக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை இன்னும் போகிறதா என்று பார்த்து டொக்டருக்குச் சொல்லுங்கள், அது போகிறபோது மூட்டுக்குள் இரத்தமும் கசியலாம். தானாக நிறுத்தவும் வேண்டாம். கிளினிக் வரும்வரை காத்திருக்காமல் வோட்டுக்கு ஒரு போன் எடுங்கள்.

ரொறன்ரோ மருமகள்:

மிசியக்கா சொன்னதையே இங்கேயும் சொன்னார்கள். மாமிக்குச் செய்தபோது ஐஸ் தண்ணீர் சுற்றி ஓடுகிற ஒரு மெசின் வாடகைக்கு எடுத்தோம். அதனால் வீக்கம் பெரிதாகக் குறைந்தது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். இரவில் நித்திரை வந்தது, அவ்வளவுதான். அவருக்கு அரை வருசம் கழித்தும் பின்னேரத்தில் லேசாக வீங்கும். நீர் எடுக்கலாமா என்று நாங்களும் கேட்டோம், டொக்டர் சிரித்துவிட்டு அளவுநாடாவைத்தான் தந்தார்.

பிசியோ, மானிப்பாய்:

அந்த அளவுநாடாக் கதை பகிடியில்லை. சில்லின் நடுவால் நாடாவைச் சுற்றி, விடிய எழும்ப முன்னர் ஒருக்கா, படுக்கப் போகும்போது ஒருக்கா அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கண்ணால் பார்த்து "குறைஞ்சிருக்கு, கூடியிருக்கு" என்று வீட்டில் சண்டைபிடிக்கத் தேவையில்லை. விடிய வற்றி, இரவு கொஞ்சம் ஏறினால் அது நடைக்கு வந்த வீக்கம். விடியவும் வற்றாமல் நாளுக்கு நாள் ஏறினால் காட்டவேண்டும்.

தேகப்பயிற்சியை முற்றாக நிறுத்திவிடாதீர்கள், இதுதான் அடிக்கடி நடக்கிறது. மூட்டுக்குள் 20, 30 மில்லிலீற்றர் நீர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி, கூடுதலாக இருந்தாலே தொடையின் முன்தசைக்குப் போகிற கட்டளை மட்டுப்படும். அம்மா "கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை" என்று சொன்னால் அது சோம்பல் இல்லை. கால் திடீரென்று மடங்கி விழுகிறதும் இதனால்தான். ஆகவே தொடையை இறுக்கி விடுகிற பயிற்சி, குதியை மெத்தையில் இழுத்து மடக்குகிற பயிற்சி, இரண்டையும் செய்யட்டும், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நடையை வீட்டுக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாக வையுங்கள். அடுத்த நாள் விடிய வீக்கம் கூடியிருந்தால் முதல்நாள் செய்தது அதிகம் என்று அர்த்தம். வீக்கம் வற்றும்வரை ஊன்றுகோலை வைத்துவிட்டுத் திரும்ப வோக்கரை எடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இறுக்கமான காலுறை போடுவதென்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். சீனி வருத்தத்தில் பாத இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் அது கூடாது. போட்டாலும் மேல் விளிம்பு சுருண்டு தொடையை இறுக்காமல் பார்க்கவேண்டும்.

கொக்குவில் சுதன்:

எல்லாருக்கும் நன்றி. வோட்டுக்குப் போன் எடுத்தேன், உடனே கூட்டிவரச் சொன்னார்கள். டொக்டர் காலைத் தூக்கச் சொன்னார், அம்மா தூக்கினார். எக்ஸ்ரே எடுத்தார்கள், மூட்டு இருந்த இடத்திலேயே இருக்கிறதாம். இரத்தத்தில் சீஆர்பி, அதாவது உடம்பில் அழற்சியோ கிருமியோ இருந்தால் ஏறுகிற ஒரு புரதம், பார்த்தார்கள். கிட்டத்தட்டச் சரியான அளவுக்கு இறங்கிவிட்டது என்றார். ஊசி வேண்டாமாம். மிசியக்கா சொன்ன தலகணி விசயத்தை அவரும் சொன்னார், அதனால் அம்மா இப்போது வாய் திறக்கிறதில்லை. கொப்பியில் அளவு மெல்ல இறங்குகிறது, சில்லின் மேல்விளிம்பு தெரியத் தொடங்கியிருக்கிறது. பெரியம்மா நொச்சி இலையைத் தன்னுடைய தோளுக்குப் பாவிக்கிறார்.

ஒரு கேள்வி. அந்த சீஆர்பி கூடியிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? டொக்டரிடம் கேட்க நினைத்தேன், வெளியே வரிசை நீளம்.

மிசியக்கா:

நல்ல காரியம் தம்பி. சீஆர்பி ஒப்பரேசனுக்குப் பிறகு இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கி, ஒன்றரை மாதத்துக்குள் பெரும்பாலும் பழைய அளவுக்கு வந்துவிடும். ஈஎஸ்ஆர் என்கிற மற்ற இரத்தப் பரிசோதனை மாதக்கணக்கில் உயர்ந்தே நிற்கும், அதை மட்டும் பார்த்துப் பயப்படக்கூடாது. இந்தக் கட்டத்தில் சீஆர்பி இறங்காமல் நின்றாலோ, இறங்கித் திரும்ப ஏறினாலோ பெரும்பாலும் நீர் எடுப்பார்கள். எடுத்த நீரில் வெள்ளணு எத்தனை என்று எண்ணுவார்கள். ஒப்பரேசன் நடந்து ஆறு கிழமைக்குள் என்றால் ஒரு மைக்ரோலீற்றருக்கு 10,000 ஐத் தாண்டினால் சந்தேகம், அதற்குப் பிறகு 3,000 ஐத் தாண்டினாலே சந்தேகம். மிச்ச நீரைக் கிருமி முளைக்க வைப்பார்கள். சில கிருமி மெதுவாக வளரும், 14 நாள்வரை வைத்துப் பார்ப்பதுண்டு. கிருமிநாசினி மாத்திரை போட்டவர் என்றால் ஆபத்தான நிலைமை இல்லாதவிடத்து, அதை நிறுத்தி இரண்டு கிழமையாவது விட்டுத்தான் நீர் எடுப்பார்கள். பார்மசி மாத்திரையைப் பூட்டி வைக்கச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

கிருமி என்று உறுதியானால், அதுவும் வந்து கனநாள் ஆகவில்லையென்றால், மூட்டைத் திறந்து கழுவி, இடையில் இருக்கிற பிளாஸ்ரிக் தட்டை மட்டும் புதிதாக மாற்றி, உலோகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். பிந்தினால் முழு மூட்டையும் கழற்றி, கிருமி போனபிறகு இன்னொன்று வைக்கவேண்டி வரும். அதனால்தான் அன்றைக்கே வாருங்கள் என்று வோட்டில் சொன்னது.

தேருக்கும் தீர்த்தத்துக்கும் அம்மா கேட்பார். தொலைக்காட்சியில் நேரடியாகப் போகும், கட்டிலை அதற்கு நேரே திருப்பிப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டைப் படம் எடுத்து உங்கள் போனில் வைத்திருங்கள். பல்லுக்கோ கால்நகத்துக்கோ வேறு எந்த டொக்டரிடம் போனாலும், மூட்டு மாற்றியிருக்கிறது என்று முதலில் சொல்லி அதைக் காட்டுங்கள்.